கோட்டி என்று யார் சொன்னது

கேள்வி, 12 ஜூலை 2025

"எங்க தாத்தா காலத்துல டிப்ரஷனும் கிடையாது, ஆங்சைட்டியும் கிடையாது. ஊருக்கு ஒரு கோட்டிக்காரன் இருப்பான், அவனுக்கும் ஊரு சோறு போட்டுச்சு. இப்ப ஒருத்தன் கொஞ்சம் மாறி நடந்தாலே மாத்திரை. யாரு நார்மல்னு முடிவு பண்ணுதது சமூகம்தான். டாக்டர் அதுக்கு ரசீது போட்டுக் கொடுக்காரு, அவ்வளவுதான். மறுக்கவங்க மறுக்கலாம்." இப்படிக் கேட்டவர் சுரண்டைப் பக்கத்துக்காரர்.

12 ஜூலை, இரவு

சண்டைக்கு வரவில்லை. பாதிக்குமேல் சரி என்றுதான் எனக்கும் படுகிறது. அம்பாசமுத்திரம் பக்கம் 27 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இதில் பேச அதைவிடப் பெரிய தகுதி ஒன்று உண்டு: என் சித்தப்பா ஊரறிந்த கோட்டி, எங்கள் பக்கப் பேச்சில் பைத்தியம்.

எங்கள் ஊர் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். சித்தப்பா காலையில் கால்வாய்க் கரையில் கிளம்பி மதகுகளை எண்ணிக்கொண்டே போவார். எண்ணிக்கை தப்பிவிட்டால் திரும்ப முதல் மதகுக்கு வருவார். நடுகைக்கு வந்த பெண்கள், "என்ன கொழுந்தனாரே, இன்னைக்கு எத்தன மதகு?" என்று கேட்பார்கள். அவரும் கணக்குப்பிள்ளை மாதிரி பதில் சொல்லுவார். டீக்கடையில் அவருக்கு நன்றாக ஆற்றி ஒரு டீ, காசு கிடையாது. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி என்றாலும் அவருக்கு ஓர் இலை உண்டு. யாரும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. 61 வயதில் தூக்கத்திலேயே போனார். எடுக்கிற அன்று ஊரே வந்தது.

ஆகவே சுரண்டைக்காரர் சொல்வது நான் கண்ணால் பார்த்ததுதான்.

13 ஜூலை

நேற்று எழுதியதைக் காலையில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு 78. பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"ஊரா சோறு போட்டுச்சு? நல்லா எழுதுத, போ. போட்டது ஒங்க ஆச்சி. ராத்திரி எத்தன மணிக்கு வந்தாலும் வட்டில்ல சோறு இருக்கணும், இல்லன்னா அந்த வட்டில் பறக்கும். ஊரு ஒரு டீ போட்டுச்சு. எழுதணும்னா அத எழுது."

எழுதிவிட்டேன்.

15 ஜூலை

டாக்டர் ரசீது போடுகிறார் என்றாரே, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவன் பார்ப்பதைச் சொல்கிறேன்.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வருகிறவர்கள் சீட்டை மேஜையில் விரித்து வைப்பார்கள். மனநல மருத்துவர் எழுதிய சீட்டு எட்டாக மடிந்து வரும். டாக்டர் பெயரும் படிப்பும் உள்ளே போய், மருந்துப் பெயர் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மடிப்பார்கள். இது ஒரு கைவேலை. சிலர் தலைப்பையே கிழித்துவிட்டு வருவார்கள். டாக்டர் பெயர் இல்லாத சீட்டுக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. "அண்ணாச்சி, இப்படிக் கொண்டாந்தா எப்படி?" என்று கேட்டால், சட்டைப்பையிலிருந்து கிழித்த துண்டு வெளியே வரும். பத்திரமாகத்தான் வைத்திருப்பார்.

"எந்த டாக்டர்?" என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: நரம்பு டாக்டர். எங்கள் பக்கம் மனநல மருத்துவர் என்று ஒரு சாதியே கிடையாது. எல்லாரும் நரம்பு டாக்டர். நிஜமாகவே நரம்பு பார்க்கிறவர் வந்துவிட்டால் அவர் "பெரிய நரம்பு டாக்டர்".

இன்னொன்று. பக்கத்து ஊர் ஆள் ஒருவர் மாதம் ஒருமுறை பஸ் ஏறி என் கடைக்கு வருகிறார். அவர் ஊர்க் கடையில் நிற்கிற பையன் அவருக்கு மச்சான் முறையாம். எங்கள் ஊர் ஆள் ஒருவர் அதே மாத்திரைக்கு அந்த ஊர்க் கடைக்குப் போகிறார், அங்கே என் முகம் இருக்காது என்று. இரண்டு பேரும் என்றைக்காவது வழியில் ஒரே சீட்டில் உட்கார்ந்து மழை பேசியிருப்பார்கள்.

"கொஞ்சம் மாறி நடந்தாலே மாத்திரை" என்பதை இதனால்தான் ஏற்க முடியவில்லை. நான் பார்க்கிறவர்கள் எல்லாரும் தாயத்து, மந்திரிப்பு, திருநீறு, இடம் மாற்றிப் பார்த்தது, கல்யாணம் செய்து பார்த்தது என்று இரண்டு மூன்று வருடத்தைக் கழித்துவிட்டு, தூக்கம் முழுக்கப் போன பிறகு வருகிறவர்கள். மனசு சரியில்லாதவனுக்குக் கல்யாணம் ஒரு மருந்து என்று நம்புகிற ஊர் நம் ஊர். அந்த மருந்துக்குப் பக்கவிளைவு யார் தலையில் விடிகிறது என்று யாரும் கேட்பதில்லை.

19 ஜூலை

வார்த்தைகளை எண்ணிப் பார்த்தேன், கடையில் கூட்டம் இல்லை.

கோட்டி, கிறுக்கு, லூசு, மெண்டல், பைத்தியம், நட்டு கழண்டவன், மறை கழண்டவன். நாகர்கோவில் பக்கம் போனால் வட்டு. சினிமா பார்த்துக் கற்றுக்கொண்டது கீழ்ப்பாக்கம். இந்தக் கீழ்ப்பாக்கம் பாவம். 1794-இல் சென்னையில் தொடங்கிய மனநோயாளிகள் காப்பகம் 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அன்றிலிருந்து அந்தப் பேட்டையின் பேரே வசவு. அங்கே வீடு வாங்கியவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

சரியாக இருக்கிறவனுக்கு எத்தனை வார்த்தை? "நல்லாத்தான இருக்கான்." அவ்வளவுதான். அதிலும் அந்த "தான"வில் ஒரு சந்தேகம் இருக்கிறது.

கோட்டி மட்டும் கொஞ்சம் தனி. பிள்ளையைக் கொஞ்சும்போதும் "போல கோட்டிக்காரப் பயலே" என்போம். பெண்டாட்டி புருஷனைச் சொல்லுவாள். அதே வார்த்தையைப் பஞ்சாயத்தில் வைத்துச் சொன்னால் சொத்து கைமாறிவிடும். சொல் ஒன்றுதான். எங்கே நின்று சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம்.

தாத்தா காலத்தில் டிப்ரஷன் கிடையாது என்பதற்கும் சேர்த்து ஒன்று. வார்த்தை கிடையாது, சரி. "ஏக்கம் பிடிச்சுக் கெடந்தா, அப்படியே போயிட்டா" என்று ஆச்சிமார் எத்தனை பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்? "பயந்த கோளாறு" என்று எத்தனை பிள்ளைக்குத் திருநீறு போட்டோம்? "மனசு சடவா இருக்கு" என்று சொன்னவர்களையெல்லாம் கூட்டினால் ஒரு வார்டு நிறையும்.

24 ஜூலை

ஆடி அமாவாசை. கடை அடைப்பு. குடும்பத்தோடு காரையாறு, சொரிமுத்து அய்யனார். மேலே சிக்னல் கிடையாது, நிம்மதி.

6 ஆகஸ்ட், விடியற்காலை

நேற்று எங்கள் ஊர் முப்பிடாதி அம்மன் கோயில் கொடை, அதாவது திருவிழா. திங்கள் ராத்திரி மாக்காப்பு, நேற்று மதியக்கொடை, ராத்திரி சாமக்கொடை. இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். காதில் இன்னும் மகுட மேளம் அடிக்கிறது. தூக்கம் வரவில்லை, அதனால் நீளமாகப் போகும்.

எங்கள் கோயிலில் சுடலை மாடனுக்கு ஆடுகிற கோமரத்தாடி, அதாவது சாமியாடி, ஒரு கடையில் மூட்டை தூக்குகிறவர். மற்ற நாளில் அவரைப் போலக் கூச்சப்படுகிற ஆளைப் பார்க்க முடியாது. என் கடைக்கு வந்தால் ஒரு தைலம் வாங்குவதற்குள் நாலு தரம் "பொறவு வாரேன்" என்பார். நேற்று ராத்திரி கச்சையும் சல்லடமும் கட்டி, குல்லாய் வைத்து, கையில் வல்லயத்தோடு வந்து நின்றார். ஊர்ப் பெரியவரைப் பார்த்து, "ஏல, என்ன மறந்துட்டியால?" என்று ஒரு சத்தம். பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "தப்புத்தான் அய்யா, அடுத்த கொடைக்குச் சரி பண்ணிருதேன்" என்றார். அப்புறம் தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போனார். போலீஸ் உட்பட எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

யாருக்கும் தெரியாத குரலைக் கேட்கிறார். நான் மனுஷன் இல்லை, சுடலை என்கிறார். நடுராத்திரி சுடுகாட்டுக்கு ஓடுகிறார். இதையே ஒரு புதன்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் செய்தால் என்ன ஆகும்?

இது எல்லாரும் கேட்கிற கேள்விதான். நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

மதியக்கொடையின்போது பெண்கள் பக்கம் ஒரு மருமகள், கல்யாணமாகி ஒரு வருடம் இருக்கும், மேளச் சத்தத்தில் ஆட ஆரம்பித்தாள். முடி அவிழ்ந்துவிட்டது. பக்கத்தில் 60 வயதுப் பெரியம்மை ஒருத்தியும் ஆடிக்கொண்டிருந்தாள். அதே மேளம், அதே ஆட்டம், கிட்டத்தட்ட அதே சத்தம். பெரியம்மைக்கு மஞ்சணை பூசி, மாலை போட்டு, காலில் விழுந்து குறி கேட்டார்கள். மருமகளை நாலு பேர் பிடித்து, தலையில் தண்ணீர் ஊற்றி, "யாரு நீ, எங்க வச்சுப் புடிச்ச, சொல்லு" என்று கேட்டார்கள். மாமியார் வேப்பங்குழையோடு நின்றாள். பெரியம்மைக்கு வந்தது அம்மன், மருமகளுக்கு வந்தது பேய். தீர்ப்புச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தப் பிள்ளை அம்மன் குரலில் பேசியிருந்தால் யாரைத் திட்டியிருக்கும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், இன்றைய தேதி. 2001-இல் இதே ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் செத்தார்கள். நம்ம நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி இல்லை, ராமநாதபுரத்து ஏர்வாடி. இரண்டையும் குழப்பி அந்த வாரம் இந்த ஏர்வாடிக்குப் போன் போட்டு விசாரித்தவர்கள் உண்டு. கடை ஆரம்பித்து மூன்றாவது வருடம் அது. பேப்பரைக் கவுண்டரில் விரித்து வைத்து வருகிறவர்கள் எல்லாரும் வாசித்தார்கள். "பெத்தவனே கொண்டுபோய்க் கட்டிப்போட்டா என்ன செய்ய?" என்றார் ஒருவர். பெற்றவனுக்கு அதைவிட்டால் வேறு என்ன கிடைத்தது என்று இன்னொருவர் கேட்டார். இரண்டாவது ஆள் குரல்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் வீட்டில் ஒரு பையன் இருந்தான் என்று பின்னால் தெரிந்தது.

7 ஆகஸ்ட்

கொடையில் ஆடுவதை நோயோடு சேர்த்துப் பேசியது தப்பு என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். அவர் சொல்வது நியாயம். கோமரத்தாடி கால்நாட்டிலிருந்து விரதம் இருக்கிறார், குறித்த நேரத்தில் சாமி வருகிறது, குறித்த நேரத்தில் மலையேறுகிறது. இன்று காலை கடைக்கு வந்து, "அண்ணாச்சி, தோள்பட்டைக்கு ஏதாவது குடுங்க" என்று தைலம் வாங்கிப் போனார். "பொறவு வாரேன்" ஒரு தரம்தான் சொன்னார். இதை நோய் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்.

என் கடைக்குச் சீட்டு அனுப்புகிற டாக்டர் ஒருவரிடம் முன்பு இதைக் கேட்டிருக்கிறேன். "சாமி வருதான்னு நான் கேக்கறதே இல்ல. தூங்குறியா, சாப்பிடுறியா, வேலைக்குப் போறியா, இதனால நீ கஷ்டப்படுறியா, அதத்தான் கேக்கறேன்" என்றார். இந்த நாலு கேள்வியைச் சித்தப்பாவிடம் யாரும் கேட்டதில்லை. மதகு எத்தனை என்றுதான் கேட்டார்கள், நான் உட்பட.

அதனால் 12-ஆம் தேதி நான் எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். எந்தப் பாதி என்று பிறகு சொல்கிறேன்.

10 ஆகஸ்ட்

2015-இல் வந்த ஓர் ஆராய்ச்சி. தான்யா லூர்மன் என்கிற அமெரிக்க மானுடவியலாளரும் கூட இருந்தவர்களும் செய்தது. காதில் குரல் கேட்கிற நோயாளிகள், கலிஃபோர்னியாவில் 20 பேர், கானாவின் அக்ராவில் 20 பேர், நம்ம சென்னையில் 20 பேர். உனக்கு என்ன குரல் கேட்கிறது என்று உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் முன்பின் தெரியாத குரல், வெட்டு குத்து என்று பயமுறுத்துகிற குரல். அது தங்கள் மூளையில் உள்ள நோய் என்று நோயின் பேரோடு சொல்கிறார்கள். சென்னைக்காரர்களில் பாதிப் பேருக்குமேல் கேட்டது சொந்தக்காரர்கள் குரல். அம்மா, மாமியார், அக்கா. திட்டுவது உண்டு, புத்தி சொல்லுவது உண்டு, வீட்டு வேலையை ஏவுவதும் உண்டு.

வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். சித்தப்பா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தொழுவத்துக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். ஏன் என்று கேட்டால், "எங்கம்மை சொல்லுதா" என்பார். ஆச்சி அப்போது உயிரோடு, பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பாள்.

பைத்தியம் பிடித்தாலும் நமக்கு அம்மா குரலில்தான் பிடிக்கும்போல. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. குரல் நல்ல குரலாக இருந்ததால் அவருக்கு வலி இருந்திருக்காது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மாடுகள் பட்ட பாடும் தனிக் கதை.

17 ஆகஸ்ட்

முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது.

எனக்கு ஓர் அத்தை உண்டு, அப்பாவின் தங்கை. 1979-இல் எனக்கு எட்டு வயது, அத்தைக்கு 24. முதல் பிரசவம் முடிந்து பத்தாம் நாளோ என்னவோ, தூக்கம் போய்விட்டது. பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். பிள்ளைப்பேற்றுச் சன்னி என்றாள் ஆச்சி. சங்கரன்கோவிலுக்குக் கொண்டுபோய்க் கோமதியம்மன் சன்னதிக்கு முன்னால் இருக்கிற சக்கரத்தில் உட்கார வைத்தார்கள், புற்றுமண் பூசினார்கள். கொஞ்சம் தேறியது, திரும்ப வந்தது. புருஷன் வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு இவளை மட்டும் அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் வீடு பழைய வீடு. தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அதற்குள்ளே அரங்கு. நெல்லும் பாத்திரமும் வைக்கிற இருட்டறை. அத்தை அங்கேதான் இருந்தாள், ஏழு வருடம். கதவுக்கு வெளிப்பக்கம் இரண்டு நாதாங்கி. ஒன்று பழசு, நெல்லுக்குப் போட்டது. இன்னொன்று அவளுக்குப் போட்டது. இரண்டாவது பளபளவென்று இருக்கும்.

தண்ணீர்ச் செம்பு கொண்டுபோய் வைப்பது என் வேலை. அத்தை தினமும் ஒன்றே ஒன்று கேட்பாள்: "இன்னைக்கு என்ன கெழமைல?" சொல்லிவிட்டு ஓடிவிடுவேன். மாமா ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிப் போயிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு புதன்கிழமை, விளையாட்டுக்கு, "ஞாயித்துக்கெழம" என்று சொல்லிவிட்டேன். அத்தை எண்ணெய் கேட்டாள், சீப்பு கேட்டாள். தலைசீவி, பொட்டு வைத்து, கதவுக்குப் பக்கத்தில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். ஆச்சி வந்து பார்த்துவிட்டு, ஏன் இவளுக்கு இன்றைக்கு இப்படி என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. இன்றுவரை அம்மாவுக்குக்கூடத் தெரியாது. இன்று சாயங்காலம்தான் சொன்னேன்.

1986-இல் காய்ச்சலில் போனாள். எடுக்கிற அன்று ஊரே வரவில்லை. ராத்திரியோடு முடித்துவிட்டார்கள்.

இப்போது இந்த நோய் என்னவென்று எனக்குத் தெரியும், மருந்து விற்கிறேனே. ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டில் வருவது. மருத்துவம் பார்த்தால் பெரும்பாலோர் முழுக்கத் தேறிவிடுவார்கள். குளோர்ப்ரோமசின் என்கிற மாத்திரை 1950-களிலேயே வந்துவிட்டது. அத்தைக்கு 1979.

வாபஸ் வாங்குகிற பாதி இதுதான். ஊர் சோறு போட்டது, ஊர் பொறுத்துக்கொண்டது என்று எழுதினேனே, அது சித்தப்பாவுக்கு. அவர் ஆம்பளை, மதகு எண்ணலாம், கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காரலாம், வேடிக்கையாகவும் இருக்கலாம். அதே வீட்டில் அதே ஆச்சி இன்னொரு வட்டிலில் சோறு போட்டு உள்ளே அனுப்பினாள். அத்தையை யாரும் கோட்டி என்றுகூடச் சொன்னதில்லை. அத்தை என்று ஒருத்தி இருக்கிறாள் என்று சொன்னால்தானே அதைச் சொல்ல முடியும். வீட்டில் இன்னும் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருந்தார்கள்.

ஆச்சியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரத்தான் வேண்டுமோ என்னவோ.

18 ஆகஸ்ட்

முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று சுரண்டைக்காரர் கேட்டிருக்கிறார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

சீட்டை எட்டாக மடிக்கிறவர்களைப் பற்றி அவ்வளவு நக்கலாக எழுதினேன் இல்லையா. நானும் மடித்துத்தான் கொண்டுவந்தேன்.

24 ஆகஸ்ட்

கொஞ்சம் சட்டம்.

சோடியம் வால்ப்ரோயேட் என்று ஒரு மாத்திரை. வலிப்புக்கும் கொடுப்பார்கள், மனநிலை ஏறி இறங்குகிற நோய்க்கும் கொடுப்பார்கள். என் கடையில் அதை வாங்குகிறவர்கள் எல்லாரும் "வலிப்புக்கு" என்றுதான் சொல்லுவார்கள். அதைக் கேட்டு அப்பாவுக்குச் சிரிப்பு வரும். அப்பா காலத்தில் வலிப்பைத்தான் மறைத்தார்கள். கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டு, "மயக்கம், காலையில சாப்பிடல" என்பார்கள். 1955-இன் இந்து திருமணச் சட்டத்தில், 1976-இல் திருத்திய பிறகு, பைத்தியமும் வலிப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, இரண்டும் கல்யாணத்துக்குத் தடை. 1999-இல் தான் வலிப்பை எடுத்தார்கள். இன்று வலிப்பு கொஞ்சம் கௌரவமாகிவிட்டது, மனசு அதன் பின்னால் ஒளிந்து நிற்கிறது. மாத்திரை மாறவில்லை.

இந்த இடத்தில் சுரண்டைக்காரருக்கு நான் ஒத்துக்கொள்ள வேண்டியது உண்டு. டாக்டர்களும் ஊரில் பிறந்தவர்கள்தானே. 1851-இல் அமெரிக்காவில் கார்ட்ரைட் என்கிற டாக்டர், அடிமைகள் தப்பி ஓடுவது ஒருவகை மனநோய் என்று பேர் வைத்து எழுதினார். ஓட வைத்தவனுக்கு நோய் இல்லை, ஓடியவனுக்கு நோய். ஓரினச்சேர்க்கையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1973-இல், உலக சுகாதார நிறுவனம் எடுத்தது 1990-இல். அதுவரை ரசீது போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பொய் ரசீது.

நம்ம ஊர்ச் சட்டத்தில் இதற்கு ஒரு வரி இருக்கிறது என்று எனக்கே சமீபத்தில்தான் தெரியும். 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மூன்றாம் பிரிவு. ஒருவர் தன் ஊரில் உள்ள ஒழுக்கம், வழக்கம், வேலை, அரசியல், மத நம்பிக்கை ஆகியவற்றுக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது. அதே சட்டம் 95-ஆம் பிரிவில் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஏர்வாடியும் ஞாபகம் வருகிறது, வேப்பங்குழை பிடித்த மாமியாரும் ஞாபகம் வருகிறாள்.

நாதாங்கி பற்றி அந்த 95-இல் தனியாக ஒன்றும் போடவில்லை.

25 ஆகஸ்ட்

"அப்பாவுக்குச் சிரிப்பு வரும்" என்று எழுதிவிட்டேன். அப்பா போய் ஒன்பது வருடம். வரும் என்பதை வந்திருக்கும் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

31 ஆகஸ்ட்

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை நான் கிண்டல் செய்கிறேனா என்று கேட்கிறார்கள். இல்லை. சங்கரன்கோவில், உவரி அந்தோணியார், பொட்டல்புதூர், ஆத்தங்கரைப் பள்ளிவாசல், நம்ம ஜில்லாக்காரர்களுக்கு இதில் சாதி மதம் பார்க்கத் தெரியாது. பேய் எந்த மதம் என்று யாருக்குத் தெரியும்.

2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை டாக்டர்கள் தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் வந்து தங்கியிருந்த 31 நோயாளிகளை வரும்போதும் போகும்போதும் சோதித்துப் பார்த்தார்கள். சராசரி ஐந்தாறு வாரத் தங்கல். மருந்து எதுவும் இல்லாமலேயே நோயின் அளவு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே பெரிய சடங்கு ஒன்றும் கிடையாது. கூட ஒரு சொந்தக்காரர் தங்கினார், கோயில் வேலையைச் செய்யச் சொன்னார்கள், கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. துரத்தவில்லை.

என்னை நிறுத்தியது இந்தச் செடிக்குத் தண்ணீர்தான். சித்தப்பாவுக்கு மதகும் மாடும் இருந்தன. அத்தை பத்தாவது படித்தவள், கணக்கில் கெட்டி. நெல் மூட்டைக்குப் பக்கத்தில் ஏழு வருடம் இருந்தாள், மூட்டை எத்தனை என்று எண்ணச் சொல்லிக்கூட யாரும் கேட்கவில்லை.

கடையில் ஒரே ஒரு விஷயம் மட்டும் கறாராகச் சொல்லுவேன்: கோயிலுக்குப் போங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க. போன வருடம் ஒரு தாய் மகளுக்கு விரதம் என்று பதினைந்து நாள் நிறுத்திவிட்டு வந்தாள். அந்தக் கதையை எழுதப் போவதில்லை, அது அவர்கள் கதை. ராத்திரி யாருக்காவது தாங்க முடியாமல் போனால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். சீட்டை மடிக்க வேண்டியதும் இல்லை, போனில் முகம் தெரியாது.

14 செப்டம்பர்

ஒரு திருத்தம். சித்தப்பா 61 வயதில் இறந்தார் என்று முதல் நாள் எழுதினேன். பரணில் கிடந்த பழைய டிரங்குப் பெட்டியில் 1980-களின் ரேஷன் கார்டு கிடைத்தது. வயதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் 58 தான்.

கார்டில் தாத்தா, ஆச்சி, அப்பா, அம்மா, சித்தப்பா, நான், தங்கை. சித்தப்பா பேருக்கு நேரே தொழில் என்று விவசாயம் போட்டிருக்கிறது. அத்தை பேர் இல்லை. புருஷன் வீட்டுக் கார்டில் எடுத்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மாவிடம் கேட்டேன், ஏழு வருஷம் இங்கேதானே இருந்தா, நம்ம கார்டில் ஏன் சேர்க்கவில்லை என்று.

அம்மா கார்டை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சேக்கணும்னா நேர்ல கூட்டிட்டு வரச் சொன்னாவய்யா."